பீட்ரியைத் தேடிப் போகிறவளுக்கு

அண்ணன் மகள் போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தாள். தொல்லியலில் முதுகலை முடித்துவிட்டு, எகிப்தில் அகழாய்வு செய்த ஆங்கிலேயர் பிளிண்டர்ஸ் பீட்ரியைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருப்பவள். கையில் ஒரு தாள். அதில் ஐந்து ஊர்கள்: லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, மான்செஸ்டர், கெய்ரோ, ஜெருசலேம். நல்கை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் பயணம். முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம்.

"அத்தை, பீட்ரியைப் பத்தி ஏற்கெனவே பெரிய புத்தகம் இருக்கு. அவரே தன் கதையை எழுதி வச்சிட்டுப் போயிருக்கார். இதுக்கு மேல நான் அங்க போய் என்னத்தைத் தேடப்போறேன்?"

நியாயமான கேள்வி. அடுப்பில் பாலை வைத்தேன். அன்றைக்கு இரண்டு முறை டீ போட வேண்டியிருந்தது. அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இறந்துபோன ஒருவரின் வாழ்க்கையைத் தேடிக் கடல் தாண்டிப் போகிற பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள்.

"முதல்ல தாத்தாவோட சங்கிலியை நினைச்சுப் பாருடி" என்றேன். என் அப்பா சர்வேயராக இருந்தவர். பரணில் அவருடைய இரும்புச் சங்கிலி இன்னும் கிடக்கிறது. நூறு லிங்க்ஸ், 66 அடி. ஒரு மூலைக்கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே அதை இழுத்துப் பிடித்து, வெயிலில் குனிந்து எண்ணிச் சொல்வார். ஒரு லிங்க் தவறினாலும் திரும்ப முதலிலிருந்து இழுப்பார். பிளிண்டர்ஸ் பீட்ரியைப் புரிந்துகொள்ள அந்தப் பிடிவாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அவரும் முதலில் அளவைக்காரர்தான்.

1853-இல் லண்டனை அடுத்த சார்ல்டனில் பிறந்தார். தாய்வழித் தாத்தா மேத்யூ பிளிண்டர்ஸ், ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றி வந்து வரைபடம் போட்டவர். பேரன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்ததில்லை. பொறியாளரான அப்பாவே அளவை கற்றுக்கொடுத்தார். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களை அளந்தார்கள். 1880-ஆம் ஆண்டுக் கடைசியில், 27 வயதில், தியோடலைட் என்ற அளவைக் கருவியைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குக் கப்பலேறினார்.

ஏன் எகிப்து? அந்தக் காலத்தில் பியாசி ஸ்மித் என்ற வானியலாளரின் கருத்து ஒன்று பெரிதாகப் பேசப்பட்டது. பெரிய பிரமிடின் அளவுகளில் தெய்வீகக் கணக்கு பொதிந்திருக்கிறது, அதன் ஒரு பக்க நீளத்தில் வருஷத்தின் நாள்கணக்கே அடங்கியிருக்கிறது என்றார் அவர். பீட்ரியின் அப்பாவுக்கு இதில் ஆழ்ந்த நம்பிக்கை. பிள்ளையும் அந்த நம்பிக்கையோடு வளர்ந்தவர். இரண்டு குளிர்காலங்கள் கீசாவில் ஒரு பழைய பாறைக் கல்லறையையே வீடாக்கிக்கொண்டு தங்கி அளந்தார். கணக்கு ஒத்துவரவில்லை. அடிப்பக்கம் சராசரியாக 9,069 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்மித்தின் கணக்குக்கு இன்னும் சுமார் 70 அங்குலம் வேண்டும். கிட்டத்தட்ட ஆறடி இடித்தது. அதை அப்படியே 1883-இல் புத்தகமாகப் போட்டார்.

"அப்பா நம்பினதை அப்பா சொல்லிக்கொடுத்த அளவையாலயே பொய்யாக்கிட்டாரா?" என்று கேட்டாள்.

ஆமாம். அந்த நேர்மைக்காகவே அவரைப் படிக்கலாம். அதே மனிதர் பிற்காலத்தில் எங்கே அளக்காமலே நம்பினார் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டாவது டீயில் வருகிறேன்.

பீட்ரிக்கு முன்னால் எகிப்தில் தோண்டியவர்களில் பலருக்குச் சிலையும் தங்கமும் கல்வெட்டும்தான் பொருள். உடைந்த பானை ஓடு குப்பை. பீட்ரி அந்தக் குப்பையைப் பொறுக்கினார். ஓட்டை வைத்துக் காலம் சொல்லலாம் என்று செய்தும் காட்டினார். அதை அவள் வகுப்பில் படித்திருக்கிறாள். ஆனால் ஒருவருக்கு எடுத்துச் சொல்லச் சொன்னால் திணறினாள். அதனால் எங்கள் சமையலறையை வைத்தே சொன்னேன்.

மூன்று வீடுகளின் அடுக்களைகளை வெவ்வேறு காலத்தில் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று வை. எதிலும் தேதி எழுதியிருக்கவில்லை. முதல் வீட்டில் மண்பானையும் பித்தளைக் குடமும். இரண்டாவதில் பித்தளைக் குடமும் எவர்சில்வரும். மூன்றாவதில் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும். இரண்டாவது வீடு நடுவில்தான் வரும். இரண்டு பக்கத்துச் சாமானும் அதில் இருக்கிறதே. வரிசை கிடைத்துவிட்டது. ஆனால் வரிசையின் எந்த முனை பழையது? அதற்கு இன்னொரு தடயம் வேண்டும்.

1894-95 குளிர்காலத்தில் மேல் எகிப்தில் நகாடா என்ற இடத்தில் பீட்ரியும் அவருடைய ஆட்களும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் திறந்தார்கள். எழுத்து இல்லை, அரசன் பெயர் இல்லை, பானைகள்தான் நிறைய இருந்தன. அதில் ஒரு வகைப் பானைக்கு இரண்டு பக்கமும் அலை அலையாக ஒரு விளிம்பு, விரல் கொடுத்துத் தூக்குவதற்கு. சில கல்லறைகளில் அந்தப் பானை உருண்டையாக இருந்தது, கைப்பிடியும் உண்மையான கைப்பிடி. வேறு சிலவற்றில் பானை ஒல்லியாகிவிட்டது, பிடி சிறுத்துவிட்டது. இன்னும் சிலவற்றில் பானை நேர்க்குழலாகி, பிடி இருந்த இடத்தில் வெறும் அலைக்கோடு அலங்காரமாக நின்றது. பிடியாக இருந்தது கோலமாகலாம், கோலமாக இருந்தது பிடியாக வளராது என்று அவர் எடுத்துக்கொண்டார். முனை பிடிபட்டுவிட்டது.

பிறகு 900 கல்லறைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதத் துண்டு நறுக்கினார். எந்தெந்த வகைப் பானை இருந்தது என்று அதில் குறித்தார். ஒரே மாதிரிப் பானைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும்வரை துண்டுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினார். இன்று கணினி செய்கிற வேலையைக் கையால், பொறுமையால் செய்தார். வரிசைக்கு எண் கொடுத்தபோது 30-இல் தொடங்கி 80-இல் முடித்தார். ஒன்று முதல் 29 வரை வேண்டுமென்றே காலியாக விட்டார். இதைவிடப் பழையது நாளைக்குக் கிடைத்தால் உட்கார இடம் வேண்டுமே! 1920-களில் எகிப்தின் பதாரியில் அவரிடம் பயின்றவர்களே அதைவிடப் பழைய பண்பாடு ஒன்றைக் கண்டபோது அந்த இடம் பயன்பட்டது. பீட்ரி செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த 29 காலி எண்கள்தான்.

"சரி அத்தை, இதெல்லாம் புத்தகத்துலயே இருக்கே."

இருக்கிறது. புத்தகத்தில் படிப்பதற்கும் அங்கே போவதற்கும் என்ன வித்தியாசம் என்று சொல்ல ஒரு துணியின் கதை போதும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் மேலட் பிளேஸ் சந்தில், முன்பு குதிரை லாயமாக இருந்த கட்டடத்தின் மேலே பீட்ரி அருங்காட்சியகம் இருக்கிறது. சுமார் 80,000 பொருள்கள். பெரும்பாலானவை சின்னச் சின்னவை: மணி, ஊசி, ஓடு, சீப்பு, அளவுக்கல். 1912-13 வாக்கில் கெய்ரோவுக்குத் தெற்கே தர்கானில் ஒரு பழைய கல்லறையிலிருந்து அழுக்கேறிய கந்தல் குவியல் ஒன்று வந்தது. பீட்ரி அதை எறியவில்லை. எடுத்துவைத்தார், அவ்வளவுதான். பல பத்தாண்டுகள் மூட்டையாகவே கிடந்தது. 1977-இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத் துணிப் பாதுகாப்பாளர்கள் சுத்தம் செய்ய எடுத்துப் பிரித்தார்கள். உள்ளே ஒரு சட்டை. கழுத்து 'வி' வடிவம், கை முழுவதும் மெல்லிய மடிப்பு. முழங்கை இடத்திலும் அக்குளிலும் சுருக்கம் விழுந்திருந்தது. யாரோ உண்மையில் போட்டுக்கொண்டு நடமாடிய சட்டை. உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது, தலைவழியாகக் கழற்றிப் போட்ட மாதிரி. கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்று வந்தது. நெய்து தைத்த ஆடைகளில் உலகில் இன்று தெரிந்தவற்றுள் மிகப் பழையது இதுதான்.

பீட்ரி அதைப் பார்க்கவே இல்லை. மூட்டை பிரிவதற்கு 35 ஆண்டு முன்பே, 1942-இல், அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தான் வைத்திருந்தது என்னவென்று அவருக்கே தெரியாது. அவருடைய சுயசரிதையில் இந்தச் சட்டை எப்படி வரும்? "புத்தகத்துல இருக்கிறது அவருக்குத் தெரிஞ்சது. பெட்டியில இருக்கிறது அவருக்குத் தெரியாததும் சேர்த்துடி" என்றேன். அவள் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டாள்.

பால் பொங்கியது. இரண்டாவது டீ.

அவள் பட்டியலில் ஏன் இத்தனை ஊர் என்பதற்குக் காரணம் எளிது. அன்றைய எகிப்தில் தோண்டி எடுத்ததைப் பங்கு பிரிக்கும் வழக்கம் இருந்தது. கெய்ரோ அருங்காட்சியகம் வேண்டியதை எடுத்துக்கொள்ளும், மிச்சம் தோண்டியவருக்கு. தோண்டியவர் அதைப் பணம் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். மான்செஸ்டர் துணி வியாபாரி ஜெஸ்ஸி ஹாவொர்த் பணம் கொடுத்தார். அதனால் லாகூன் பிரமிடுக்கு அருகில் தொழிலாளர்கள் குடியிருந்த ஊரிலிருந்து கிடைத்த உளி, பொம்மை, சுட்ட மண்ணால் செய்த எலிப்பொறி எல்லாம் இன்று மான்செஸ்டரில் இருக்கின்றன. பீட்ரியிடம் படித்த ஹமாதா கோசாகு வழியாக ஒரு பங்கு ஜப்பானின் கியோத்தோ வரைக்கும் போனது. ஒரே கல்லறையின் நான்கு பானை நான்கு நாட்டில் இருக்கலாம். பானையின் மேல் கறுப்பு மையில் எழுதிய கல்லறை எண்தான் அவற்றை மறுபடி சேர்த்துவைக்கும். அந்த எண்ணை முதலில் பார், பானையின் அழகை அப்புறம் பார் என்றேன்.

இனி நான் அவளிடம் சொல்ல விரும்பிய முக்கியமான விஷயம்.

பீட்ரி இளம் மனைவி ஹில்டாவோடும் மாணவர்களோடும் போய்த் தோண்டினார் என்று படிக்கிறோம். ஹில்டா படம் வரைந்தார், கணக்கு எழுதினார், பணம் திரட்டினார். அவர் பெயர் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான குழிகளை எந்தக் கை தோண்டியது? கீசாவில் பீட்ரிக்குத் துணையாக இருந்த அலி கப்ரி, அதற்கு முன்பே பிரமிடை ஆராய வந்த வேறு ஐரோப்பியர்களுக்கும் வேலை செய்தவர். பீட்ரியைவிடப் பிரமிடை அதிக நாள் அறிந்தவர். லாகூன்காரரான அலி சுவேஃபி பல ஆண்டுகள் பீட்ரியோடு ஊர் ஊராகப் போனார். மண்ணின் நிறம் மாறுவதைப் பார்த்தே கீழே குழி இருக்கிறதா என்று சொல்லக்கூடிய கண் இப்படிப்பட்டவர்களுக்கு இருந்தது. 1893-94-இல் குஃப்த் ஊரில் பீட்ரி வேலைக்கு எடுத்துப் பழக்கிய ஆட்களின் வழியில் வந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக எகிப்து முழுவதும் அகழாய்வுக் கங்காணிகளானார்கள். 'குஃப்தி' என்றாலே தேர்ந்த அகழாய்வாளர் என்று பொருளாகிவிட்டது.

1903-இல் எகிப்தின் அபிதோஸில் நடந்ததைக் கேள். ஏழரை சென்டிமீட்டர் உயரத் தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. தலை இல்லை. நாற்காலியில் பெயர் இருந்தது: கூஃபு. பெரிய பிரமிடைக் கட்டியவன். உடைந்த இடம் புதிதாக இருப்பதைப் பீட்ரி கவனித்தார். தோண்டும்போதுதான் உடைந்திருக்கிறது, தலை வெளியே கொட்டிய மண்ணில்தான் இருக்க வேண்டும். தோண்டுவதை நிறுத்தி, கொட்டிய மண்ணை எல்லாம் சலிக்கச் சொன்னார். மூன்று வாரம் சலித்தார்கள். நகக்கண் அளவேயான முகம் சல்லடையில் நின்றது. கூஃபு என்று பெயர் பொறித்து முழுதாகக் கிடைத்த ஒரே உருவம் அதுதான். கெய்ரோவில் அதைப் பார்க்கிறவர்கள் பீட்ரியின் கூர்மையை மெச்சுகிறார்கள், மெச்ச வேண்டியதுதான். அந்த மூன்று வாரம் புழுதியில் சல்லடை பிடித்தவர்களையும் நினைக்க வேண்டும்.

"அவங்க பேரெல்லாம் எங்க அத்தை கிடைக்கும்?"

கிடைக்கும். காரணம் பணம். கண்டெடுத்த பொருளை ஆட்கள் வியாபாரியிடம் விற்றுவிடாமல் இருக்க, அதன் மதிப்புக்கு ஏற்ப பீட்ரி பக்ஷீஷ் என்ற இனாம் கொடுத்தார். யார் எதை எடுத்தார், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதி வைத்தாக வேண்டும். அதனால் அவருடைய சின்னக் குறிப்பேடுகளில் ஆட்களின் பெயர்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அச்சிட்ட புத்தகத்தில் இடம் கிடைக்காதவர்கள் கூலிக் கணக்கில் இருக்கிறார்கள். இந்தப் பெயர்களைத் தேடியெடுத்து ஸ்டீபன் குவர்க் 2010-இல் ஒரு புத்தகமே எழுதினார். வேலை அதோடு முடியவில்லை. குறிப்பேடு லண்டனில், வீட்டுக்கு எழுதிய நாட்குறிப்புக் கடிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் கிரிஃபித் நிறுவனத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே வாரத்தின் கணக்கையும் கடிதத்தையும் படித்துப் பார். கடிதத்தில் 'கண்டேன்' என்று இருக்கிற இடத்தில் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று தேடு. அந்த ஒரு வாரத்துக்காகவே நீ விமானம் ஏறலாம்.

படிப்பறையில் பேனா அனுமதிக்க மாட்டார்கள், பென்சில் எடுத்துப் போ. எந்தப் பெட்டி வேண்டும் என்று பல வாரம் முன்பே எழுதிக் கேள். பீட்ரியின் கையெழுத்து பொடி. முதல் இரண்டு நாள் கண் பழகவே போய்விடும், பயப்படாதே. இதெல்லாம் போகிற போக்கில் சொன்னது.

ஜெருசலேமைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அங்கே சீயோன் மலையிலுள்ள புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டத்தில் பீட்ரி புதைக்கப்பட்டிருக்கிறார். அவருடைய கல்லில் பெயரும் எகிப்தியரின் உயிர்க்குறியான அன்க்கும் மட்டும் இருக்கின்றன. ஆனால் அவர் முழுதாக அங்கே இல்லை. 1942 ஜூலையில் அவர் இறந்ததும், அவர் விருப்பப்படி தலையைத் தனியே எடுத்துப் பாதுகாத்தார்கள். பின்னர் அது லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. ஹில்டா தொப்பிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அது கட்டுக்கதை. அதை ஆய்வேட்டில் எழுதிவிடாதே என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன் அத்தை தலையைக் கொடுத்தார்?"

முதல் டீயில் விட்ட இடம் இதுதான். மனிதரை இனமாகப் பிரித்து, மண்டை அளவாலும் பிறப்பாலும் உயர்வு தாழ்வு சொல்லலாம் என்ற கொள்கையைப் பீட்ரி நம்பினார். அதைப் பரப்பிய பிரான்சிஸ் கால்டனோடு நெருக்கமாக இருந்தார். கால்டனின் தூண்டுதலால் எகிப்தியக் கோயில் சுவர்களிலுள்ள முகங்களை 'இனவகை'களாகப் படமெடுத்துக் கொடுத்தார். தன் தலையும் அறிவியலுக்கு ஒரு மாதிரிப் பொருளாகும் என்று நினைத்தவர். நகாடாக் கல்லறைகளைத் திறந்தபோது முதலில் அவர் சொன்னது என்ன? இது வெளியிலிருந்து வந்து புகுந்த 'புது இனம்' என்றார். அது தவறு. அவை எகிப்தின் சொந்த மூதாதையரின் கல்லறைகள், அரசர்களுக்கும் முந்தியவை என்று பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜாக் தெ மோர்கன் சொன்னார். பீட்ரி பிறகு ஏற்றுக்கொண்டார். பானையைக் கேட்டபோது பானை சரியாகச் சொன்னது. இனத்தைக் கேட்டபோது அவர் மனதிலிருந்த பதிலே திரும்பி வந்தது. பிரமிடை அங்குலம் அங்குலமாக அளந்து அப்பாவின் நம்பிக்கையை விட்டவர், இந்த நம்பிக்கையை அப்படிச் சோதிக்கவில்லை. யூனிவர்சிட்டி காலேஜ் 2020-இல் கால்டன் பெயரைத் தன் விரிவுரைக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டது. நீ இதை அடிக்குறிப்பில் ஒளிக்காதே, நடுப்பக்கத்தில் எழுது என்றேன். ஒருவரை மதிப்பது என்றால் அவர் தவறையும் அளந்து எழுதுவதுதான் என்பது என் முடிவு.

நம் ஊருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், பீட்ரி மண்ணடுக்குகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கடுமையாக எழுதியவர். அது நியாயமான குறை. ஆனால் 1945-இல் அதே வீலர் அரிக்கமேட்டில் எதை வைத்துக் காலம் சொன்னார்? இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் சிவப்புப் பானை ஓடுகளை வைத்து. அந்த ஓட்டின் காலம் தெரியும். அதே அடுக்கில் கிடந்த நம் பானைகளுக்கும் அதனால் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியல் தேதியோடு பேச ஆரம்பித்தது அந்தக் குழியிலிருந்துதான். குப்பை என்று எறியாமல் ஓட்டைப் பொறுக்குகிற பழக்கத்தின் பிள்ளைகள்தான் கீழடியில் இன்று ஓடுகளை எண்ணி, கழுவி, எண் எழுதிக் காயவைக்கிறவர்களும்.

அவள் கிளம்பும்போது மணி எட்டு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நம்ம அரிக்கமேட்டுல தோண்டினவங்க பேரு யாருகிட்டயாவது இருக்கா அத்தை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளிடமிருந்து வந்ததில் எனக்கு நிறைவு.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அரிக்கமேடு, ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி, கொந்தகை என்று எந்தக் குழியிலாவது கூலிக்கு மண் எடுத்தவர்கள், சல்லடை பிடித்தவர்கள், ஓடு கழுவிய பெண்கள் இருந்தால், அவர்கள் பெயர், ஊர், வேலை செய்த வருஷம், எடுத்த பொருள் எதுவென்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களோடு எடுத்த போட்டோ இருந்தால் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள்.